இரை தேடிய நடை

என் இடது காலில் இப்போது இரண்டு விரல்கள் இல்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் சீனி வருத்தம் வந்தது. பின்னேரங்களில் நடக்கச் சொன்னார் டொக்டர். எனக்கோ கதிரையை விட்டு எழும்ப மனமில்லை. நூல்நிலையத்தில் படித்த ஒன்றை மனைவியிடம் அளந்தேன்.

“ஆதிமனுசன் இரை தேடித்தான் நடந்தவன். சும்மா நடக்கிறது விசர் வேலை.”

அவள் வாதாடவில்லை. அடுத்த நாளிலிருந்து அவளுக்கு மறதி வந்தது. ஒரு நாள் உப்பு, ஒரு நாள் தேயிலை, ஒரு நாள் நெருப்புப்பெட்டி. புறுபுறுத்துக்கொண்டே கடற்கரையோரமாகச் சந்தைக்கு நடந்தேன். சீனி இறங்கியது, மருந்தின் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

அவள் லோஞ்சுப் படகில் மூதூருக்குத் தமக்கையைப் பார்க்கப் போன அன்று, தேத்தண்ணி போடக் குசினி அலுமாரியைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத தேயிலைப் பைக்கற்றுகள், மூன்று போத்தல் நிறைய உப்பு. அவள் திரும்பி வந்ததும் வராததுமாகக் கத்தினேன்.

“இரை தேடித்தான் மனுசன் நடப்பான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்,” என்றாள் மெல்ல.

“என்னைப் பேயனாக்கிப்போட்டாய்!” என்று இன்னும் கத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறக்கவில்லை; நானும் சந்தைக்கு நடக்கவில்லை.