ஈரத் துணியும் என் கம்பளியும்

கடை போடப் போகிறோம், என்ன புத்தகம் படிக்கலாம், என்னென்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு இப்போதும் சில பேர் என் பேக்கரிப் படியேறி வருகிறார்கள். நான் நல்ல முகம் காட்டுவதில்லை. வந்தவர் கையில் நோட்டும் பேனாவும் இருந்துவிட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்வதை எழுதிக்கொண்டு போய் அப்படியே செய்வார்கள். அப்படியே செய்த ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான்.

என் புருஷன் மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை பார்த்தார். கொழுந்து வாட்டுகிற மாடி அவர் பொறுப்பு. பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, பதமாக வாடியதும் கீழே அரைக்க அனுப்ப வேண்டும். பதம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்ப்பார். உருண்டை உதிராமல் அப்படியே இருந்தால் ஆயிற்று. மழை நாளில் ஒரு கணக்கு, காற்றடிக்கிற நாளில் ஒரு கணக்கு. ஸ்டோருக்கே பொறுப்பான டீ மேக்கர்கூட மாடி ஏறி வந்து இவரிடம் கேட்டுவிட்டுத்தான் மெஷினை ஓட்டுவார்.

அந்த டீ மேக்கர் ஒரு நாள் யாரோ கருக்கிய தேயிலைக்காக இவரை எல்லோர் முன்னாலும் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டார். இவர் ஆள் கணக்கிலிருந்து தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இனி எவனுக்குக் கீழேயும் நிற்கப் போவதில்லை, சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்றார். அன்றைக்கு ஒரு நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாளே, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கணக்கப்பிள்ளை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து நின்றார். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு அந்த ஒற்றை அறைக் காம்பராவை இரண்டு ஆள் வேலைக்காகக் கொடுத்ததாகவும், தைப் பொங்கலுக்குள் இவர் திரும்பக் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வரவேண்டும், இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது வெற்றிலையை எங்கள் வாசலிலேயே துப்பினார். நான் கழுவிவிட்டேன். கழுவியது இன்னும் மறக்கவில்லை.

கொட்டகலைக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை முதலாளி இருந்தார். அவர் கடைக்குப் பின்னால், யாரோ விட்டுவிட்டுப் போன பாண் போறணை, ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பு, ஓர் அறையோடு கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார் இவர். பாண் சாப்பிடுகிற மாதிரி வந்தால் அறையும் போறணையும் உங்களுக்கு, வராவிட்டால் பொங்கலோடு சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று முதலாளி சொன்னார். இரண்டு இடமும் ஒரே நாளில் கையைவிட்டுப் போகும்படி எல்லாம் கூடிவந்தது.

இவருக்குப் பாண் போடத் தெரியுமா என்றால் தெரியாது. நுவரெலியாவுக்குப் போய் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் நின்று பாண் போடுகிறவரிடம் கேட்டிருக்கிறார். அவர் கழுவு நீரை இவர் கால்பக்கம் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாராம். அதனால்தான் பாண் போடச் சொல்லித்தரும் அந்தப் புத்தகம் வந்தது. மதராஸிலிருந்து தபாலில் வந்தது. அட்டையில் கழுத்துப் பட்டி கட்டிய ஒரு ஆள் பாணைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தான். இதில் கண்டபடி செய்கிற எவரும் ஒரே ஆண்டில் முதலாளி ஆகலாம் என்று முன்னுரையில் போட்டிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்து வந்ததென்றால் போதும். ஊர் என்றால் இந்தியா. ஊர்ச் சேலை, ஊர்ப் புளி, ஊர் ஜோசியம். இவர் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். கடலைக்கூடப் பார்த்தவரில்லை. அப்பாவும் அம்மாவும் இவருக்கு விவரம் தெரிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார்கள். எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை, திருச்சிப் பக்கம் என்று யாரோ சொன்னதோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் அந்தப் புத்தகத்தைக் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார்.

புத்தகத்தில் மணிக்கணக்கு போட்டிருந்ததால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினார். தகர அச்சுகள் வாங்கினார். பிசைந்த மாவை ஈரத் துணியால் மூடிக் காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்கவும் என்று அதில் இருந்தது. இவர் மாவுத் தொட்டியைத் திறந்த ஜன்னலுக்குக் கீழே வைத்து, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டு, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்காருவார். இதெல்லாம் மார்கழி மாதத்தில். வாயைத் திறந்தால் புகை வருகிற மார்கழி.

பாண் எப்படி வரும்? செங்கல் செங்கலாக வந்தது. மத்தியானம் பிசைந்து சாயங்காலம் எடுப்பார். நான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது கடை வாசலில் நாலு பேர் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சம்மட்டி இல்லாமல் சாப்பிட முடியாது என்று ஒருத்தன் சொன்னான். அவன் பல்லை உடைக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட என் புருஷன் பல்லை.

மாவு சரியில்லை என்றார். ஈஸ்ட் பழசு என்றார். போறணையில் முன்னால் இருந்தவன் ஏதோ செய்வினை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எலுமிச்சம்பழம் அறுத்தார். ஒரு நாள் நான் பிசைந்து கொடுத்தேன், அன்றைக்கு என் கை ராசியில்லை என்றார். புத்தகத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கருகிய வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து அதே பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் கணக்கப்பிள்ளை வந்தார். காம்பராவுக்கு ஆள் பார்த்தாகிவிட்டதாகச் சொல்லிவிட்டு, புதிதாக வருகிறவளையும் கூட்டிவந்து உள்ளே எட்டிப் பார்க்க வைத்தார். நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன். அந்தப் பெண் என் அடுப்பைப் பார்த்து, சுவரைப் பார்த்து, எங்கே என்ன வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். நான் உலையை இறக்கி வைத்துவிட்டு நேரே கடைவீதிக்கு நடந்தேன்.

இவர் மாவைப் பிசைந்து ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு விறகு வாங்கப் போயிருந்தார். நான் புத்தகத்தை எடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவர் வாசிக்கிற பக்கத்துக்கு முந்தின பக்கத்தையும் வாசித்தேன். அதில் ஒரு வரி இருந்தது. நமது சீதோஷ்ணத்தில் மாவு விரைவில் பொங்கிப் புளித்துவிடும் ஆதலால் அதைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல் அவசியம்.

நமது சீதோஷ்ணமாம். யாருடைய சீதோஷ்ணம்? எழுதியவன் மதராஸில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவனுக்கு மாவு ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாவோ குளிரில் செத்துக் கிடக்கிறது. அதன்மேல் என் புருஷன் ஈரத் துணியையும் போர்த்தியிருக்கிறார்.

துணியை உருவி மூலையில் எறிந்தேன். மலைக்குப் போகும்போது மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்கிற கம்பளி என் தோளில் இருந்தது. ஒரு மரப்பலகையால் தொட்டியை மூடி, அதைக் கம்பளியால் சுற்றி, இன்னும் சூடு ஆறாத போறணைச் சுவரை ஒட்டி இழுத்து வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

விறகோடு வந்தவர் அதைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார். கொழுந்துச் சாயமும் அட்டை கடித்த ரத்தமும் படிந்த கம்பளியைச் சாப்பாட்டுச் சாமான்மேல் போடுகிறாயா என்றார். அதுகூடப் பரவாயில்லை. "ஊர்ல படிச்சவங்க எழுதியிருக்காங்க. அவங்களவிட ஒனக்குத் தெரியுமா புள்ள?" என்றார்.

"மாடியில கொழுந்து வாடிருச்சான்னு கையில புடிச்சுப் பாப்பீங்களா, இல்ல மணியப் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் விறகை இறக்கி வைத்தார். இரண்டு மணி நேரம் ஆனது, கடிகாரம் அடித்தது. நான் அதன் தலையில் அடித்து நிறுத்தினேன். இன்னும் வெகு நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவரே எழுந்துபோய்க் கம்பளியை விலக்கி, பலகையைத் தூக்கி, மாவில் விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் மெதுவாக, அவசரமில்லாமல் மேலே வந்தது. கொழுந்தைப் பார்க்கிற அதே முகத்தோடு அதைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கிள்ளி முகர்ந்தார்.

அன்றைக்கு வந்த பாணை முதலாளி பிய்த்துத் தேநீரில் தோய்த்துத் தின்றார். இன்னொன்றையும் எடுத்தார். சாவி எங்களிடமே இருந்தது. பொங்கலன்று காம்பராவைக் காலி செய்துவிட்டு வந்து, போறணை வாயிலேயே பானை வைத்துப் பொங்கினோம். கொஞ்ச நாளில் பெரிய கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் எங்கள் பாண்தான் போனது. கருகின ஓரத்துப் பாணாகப் பார்த்து நான் எடுத்துக் கொடுப்பேன். வேண்டுமென்றேதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எரிச்சலோடு சொல்ல வேண்டியதில்லை. பாண் நன்றாக இருக்கிறதே, எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், என் புருஷன் என்ன சொல்வார் தெரியுமா? எல்லாம் அந்தப் புத்தகம் தந்த படிப்பு என்பார். அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி பூசினார். மாவு தினமும் என் கம்பளிக்குள்தான் பொங்கியது. பத்து வருஷத்தில் மூன்று கம்பளி கிழிந்தது. கம்பளியைப் பற்றி அவர் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு இந்த நாட்டுப் பெரியவர்களும் இந்தியப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எங்கள் ஆட்களைத் தலைக்கணக்கில் பிரித்துக்கொள்வதாக முடிவெடுத்தார்கள். இந்த நாடு எங்களை ஏற்கெனவே பிரஜைகள் இல்லை என்று சொல்லியிருந்தது. கடைவீதியில் எல்லார் கையிலும் இந்தியாவுக்குப் போக விண்ணப்பிக்கிற படிவம். இவரும் ஒன்று வாங்கிவந்தார். ஊருக்குப் போவோம், அங்கே பேக்கரி போடுவோம், புத்தகம் பிறந்த இடத்திலேயே தொழில் செய்யலாம் என்று சின்னப் பிள்ளைபோல் சொல்லிக்கொண்டிருந்தார். தன் பங்கை எழுதி முடித்துவிட்டு, என் கையெழுத்துக்காகப் படிவத்தை மாவு மேசையில் வைத்தார்.

"அங்க ஈரத் துணி போடணும். எனக்குக் கம்பளி போட மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

"கத்துக்கலாம் புள்ள" என்றார்.

ஒரு தடவை கற்றுக்கொண்டதற்கே காம்பரா போனது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படிவத்தில் கண் போனது. இந்தியாவில் சொந்த ஊர் என்ற கோட்டுக்கு எதிரே, அவருடைய குண்டு எழுத்தில் ஒரு தெருவின் பெயரும் மதராஸ் என்றும் எழுதியிருந்தது. அந்தத் தெரு எனக்குத் தெரியும். புத்தகத்தின் பின்னட்டையில், அச்சிட்ட இடம் என்று போட்டிருக்குமே, அது.

எழுத அவருக்கு வேறு ஊர் இல்லை. இத்தனை வருஷக் கோபம் இருந்தும் அவரைத் திட்ட முடியவில்லை. அழுகை வந்தது. அதற்கும் சேர்த்து அந்தப் புத்தகம் எழுதியவனைத்தான் மனதுக்குள் திட்டினேன். படிவத்தை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். கையெழுத்துப் போடவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. போய் மாவைப் பிசைந்தார். பிசைந்து முடித்ததும், எப்போதும் நான் செய்கிற வேலையை அன்றைக்கு அவரே செய்தார். என் கம்பளியை எடுத்து உதறி, தொட்டியைச் சுற்றி, நாலு பக்கமும் இடுக்கில்லாமல் செருகிவிட்டார்.