நாற்பத்தொன்றாவது படம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்ப மனமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

பத்தாவதோடு பள்ளியை விட்டபின் மாமாவின் ஸ்டூடியோவில்தான் எனக்கு வேலை. படங்களை எங்கள் இணையதளத்தில் ஏற்றுவேன். ஏற்றியதும் கோப்புக்குள் இருக்கும் விவரங்கள் படத்துக்குக் கீழே தானாக வந்துவிடும். கேமரா, தேதி, நேரம், கேமராவுக்கும் எதிரே இருப்பவருக்கும் உள்ள தூரம், எடுத்தவர் பெயர்.

அங்கே ஏழு வருடம் படமெடுத்தவள் நெட்டை அக்கா. மாமா அவள் பெயரை எங்கேயும் போட்டதில்லை. அதனால் கேமராவுக்குள்ளேயே தன் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள். எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அது ஒட்டிக்கொண்டு வரும். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஒரு நாள் மதியம் மாமா வந்தார்.

"அவ எடுத்த நாப்பது படத்தையும் போட்டிக்கு அனுப்பறேன். அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு."

"மாமா... அது அக்கா எடுத்தது."

"செத்தவ வந்து கேக்கப் போறாளா? வேலையைப் பாரு, ஊமைக்கோட்டான்."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். மாற்றினேன். நாற்பது படத்துக்குக் கீழும் மாமா பெயர். மணி 3:25.

பக்கத்தின் கடைசியில் இன்னொரு படம் இருந்தது. நான் ஏற்றாதது.

ஒரு பெண்ணின் முதுகு. என் பின்னல். என் பச்சைச் சட்டை.

கீழே அன்றைய தேதி. நேரம் 3:26. தூரம் நான்கு மீட்டர். எடுத்தவர்... நெட்டை அக்கா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3:26.

க்ளிக்.

என் பின்னால்தான். திரும்பவில்லை.

அடுத்த படம். இரண்டு மீட்டர்.

க்ளிக்.

ஒரு மீட்டர். என் பிடரி மட்டும்...

"போட்டுடறேன்க்கா... உன் பேரையே போட்டுடறேன்..."

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

சத்தமில்லை.

பிறகு, உள்ளறையில்... க்ளிக்.

திரையில் மாமாவின் வழுக்கை. மூன்று மீட்டர். 3:31.

"மாமா, வெளியே வந்துடுங்க!"

"என்னடி கத்தறே?"

க்ளிக். ஒரு மீட்டர். மாமாவின் முகம்.

க்ளிக்.

மாமா அலறினார்.

உயிரோடுதான் இருக்கிறார். பார்வை மட்டும் போய்விட்டது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர்.

நேற்று இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார்.

"பாப்பா, யாரும்மா இப்படிப் படமா ஏத்தறது? நிமிஷத்துக்குப் பதினஞ்சு வருது. எல்லாம் வெறும் கறுப்பு. தூரம் பூஜ்யம்னு காட்டுது."

போனை வைத்துவிட்டு மாமாவின் எதிரே உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தபடி, அவர் கண் சிமிட்டுவதை ஒரு நிமிடம் எண்ணினேன்.

பதினைந்து.