உறுதிபூசுதல் வகுப்பில் ஒரு மாமா

தங்கச்சிக்குப் பையன் பிறந்ததும், ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தகப்பன் நான்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். அவள் புருஷன் வீட்டாருக்கு அதில் இஷ்டமில்லை. அவர்கள் நினைத்திருந்தது மாப்பிள்ளையின் அண்ணனை. அவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவர், மைக்கில் பேசிப் பழகியவர். நான் இண்டூர் பக்கம் தக்காளி போடுகிறவன். பஸ் என் ஊர் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூசிக்கொண்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருவேன்.

பங்குச் சாமியார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். உறுதிபூசுதல் வாங்கியாயிற்றா? வாங்கவில்லை. ஆயர், அதாவது பிஷப், வந்து நெற்றியில் தைலம் பூசிக் கொடுப்பது அது. அவர் எங்கள் கோயிலுக்கு வந்த வருஷம் நாங்கள் குடும்பத்தோடு கர்நாடகத்தில் செங்கல் சூளையில் இருந்தோம். என் கல்யாணத்தின்போது இருந்த சாமியார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இவர் பெரிதுபடுத்தினார். அது இல்லாமல் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது, ஈஸ்டர் கழிந்து ஆயர் வருகிறார், அதற்குள் வகுப்பை முடித்துவிடுங்கள் என்றார். தங்கச்சி ஞானஸ்நானத்தை அதுவரை தள்ளிப்போட்டாள். ஓசூர்க்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டு வேட்டி எடுத்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வகுப்பு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் நான், முட்டி மேசையில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். பாடம் நடத்திய சிஸ்டர் பிள்ளைகளை வரிசையாக எழுப்பிக் கேள்வி கேட்பார். என் முறை வந்தால் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். எனக்கு அது நிம்மதி. முன்பெஞ்சுச் சுருட்டைமுடிக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், மாமாவ மட்டும் நீங்க கேக்கறதே இல்ல."

அன்றிலிருந்து கேட்டார். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளையும் தண்ணீர் கட்டும்போது வரப்பில் நின்று சொல்லிப் பார்ப்பேன். வரப்பில் ஏழும் ஒழுங்காக வரும். வகுப்பில் எழுந்து நின்றால் ஏதாவது ஒன்று ஓடி ஒளிந்துகொள்ளும். பிள்ளைகள் வேறு, பூசும்போது ஆயர் கன்னத்தில் அறைவார், பதில் தெரியாதவர்களுக்கு அடி பலமாக விழும் என்று பயமுறுத்தின. அந்தக் காலத்தில் சும்மா லேசாகத் தட்டுவார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனேன்.

ஆயர் வந்த நாளில் பிள்ளைகளுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. பெரியவங்க காத்தோட்டமா உக்காரணும் என்று சொல்லி, நடுவழி ஓரமாக என்னை உட்கார வைத்தார்கள். இவர்களைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிரசங்க நேரத்தில் ஆயர் மைக்கோடு பீடத்தை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்து வந்து, ஓரத்தில் இருந்தவனிடம் மைக்கை நீட்டினார். அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வரிசை முழுக்கப் பீடத்தைப் பார்த்து பக்தியில் உருகிக்கொண்டிருந்தது.

கேள்வி, அதே ஏழு கொடைகள். எழுந்தேன். அந்தப் பக்கம், நான் தேறுகிறேனா என்று பார்க்க வந்திருந்த ஓசூர்க்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, பக்தி, தெய்வபயம். அதோடு நின்றுவிட்டது. ஆறுதான் வந்திருக்கிறது, இன்னொன்று எங்கே என்று ஆயர் சிரித்தபடி கேட்டார். பின்வரிசையிலிருந்து சுருட்டைமுடிக்காரி, "திடம், மாமா, திடம்" என்று என் முதுகில் குத்தினாள்.

"திடம்ங்க சாமி," என்றேன். மைக் இருப்பதை மறந்து மேற்கொண்டும் பேசிவிட்டேன். "அதுதான் எங்கிட்ட இல்லீங்க. அத வாங்கிக்கலாம்னுதான் வந்தேன்."

கோயிலே சிரித்தது. நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆயருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நெற்றியில் தைலம் பூசும்போது என் கன்னத்தை மெல்லத் தொட்டார். அறை விழும் என்று காத்திருந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். வெளியே வந்ததும், சொல்லிக்குடுத்தது நானு, பேரு மட்டும் உங்களுக்கா என்று சுருட்டைமுடிக்காரி சண்டைக்கு வந்தாள்.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். பட்டு வேட்டிக்காரர் கூட்டத்தில் நின்றார். குழந்தை என் கையில் தூங்கிக்கொண்டிருந்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். இந்தத் தடவை சத்தம் வராமல் போய்விடுமோ என்கிற பயத்தில், "விட்டுவிடுகிறோம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். குழந்தை அலறி எழுந்தது. சாமியார் ஒரு அடி பின்னால் போனார். அவன் செயல்களையும் விடுகிறீர்களா என்று அவர் கேட்டதும், நான் மறுபடியும் மூச்சை இழுத்தேன்.

தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாண்ணா. மொதச் சத்தத்துக்கே அவன் ஓடிட்டான்."