பன்றிக்குச் சன்னம் பார்த்த கதை

நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எலும்பு வைத்தியர். எழுபது தாண்டியும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் மதோனியே மலைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். இத்தாலியின் இந்தப் பலெர்மோவில் வைத்தியரைத் தொத்தோரே என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவருக்குச் சமைப்பது, வீடு துடைப்பது, சட்டைகளுக்கு அயன் போடுவது என் வேலை. அந்த வீட்டில் ஒரே ஒரு மேசையை மட்டும் நான் தொடுவதில்லை. அதில்தான் அவர் தன் தோட்டாக்களைத் தானே செய்வார்.

அவருடைய துவக்கு தகப்பன் காலத்தது. கடைத் தோட்டா அதற்கு ஒத்துவராதாம். வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து கழுவி, புது வெடிமருந்து போட்டு, நுனியில் பாய்கிற குண்டான சன்னத்தைப் புதிதாகப் பொருத்துவார். மருந்து நிறுப்பதெல்லாம் சுறுக்காக முடிந்துவிடும். சன்னம் தெரிவு செய்வதற்குத்தான் நாட்கணக்கு. எங்கள் சனம் மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்ப்பார். நிறை என்ன, நீளம் என்ன, உள்ளே போன பிறகு குணம் மாறுமா, எல்லாம் விசாரிக்க வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவார். கோப்பி ஆறிப்போகும். நான் திரும்பச் சூடாக்கிக் கொடுப்பேன்.

அவர் கடைசியில் எடுப்பது எப்போதும் ஈயச் சன்னம்தான். அது பன்றியின் தோளுக்குள் போனதும் விரிந்து சிதறும், மிருகம் நின்ற இடத்திலேயே விழும் என்பார். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் எரியும். வன்னியில் போரின் கடைசிக் காலத்தில் என் தொடைக்குள் போன ஷெல் துண்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒருமுறை அவரே எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னார். எங்களுக்கு வந்ததை யாரும் இப்படிக் கண்ணாடி போட்டுத் தெரிவு செய்திருக்க மாட்டார்கள். ஒரு பன்றியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்தது.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். வேட்டை இறைச்சியை வெட்டும்போது, சன்னம் துளைத்த இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையைத் தொத்தோரே அரிந்து ஒரு சட்டியில் ஒதுக்குவார். அது குப்பைக்குப் போவது. நல்ல சதை, கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். பசி கிடந்தவன் கண் அதைக் குப்பையாகப் பார்க்காது. "இதை நான் கொண்டுபோகலாமா?" என்று கேட்டேன். நாய்க்காக்கும் என்று நினைத்து அவர் தலையாட்டினார். எங்களிடம் ஏது நாய்? போர்கோ வெக்கியோ பகுதியில் இரண்டு அறையில் நானும் மனைவியும்தான்.

அவள் அப்போது நாலு மாதம். பதினொரு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்த நேரம் அது. நான் அந்த இறைச்சியை எங்கள் முறைப்படி வினாகிரியில் இரவு முழுக்க ஊறவைத்து, மிளகும் பழப்புளியும் போட்டு நெடுநேரம் வற்றவிட்டேன். அவள் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அந்த மாதம் முழுக்க அதுதான் அவள் வயிற்றில் தங்கிய சாப்பாடு. தொத்தோரே தந்தது என்று மட்டும் சொன்னேன். எந்த இடத்து இறைச்சி என்று சொல்லவில்லை.

கர்ப்பிணிகளைப் பார்க்கும் கொன்சுல்தோரியோவில் மருத்துவிச்சி, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். என் மனைவி பெருமையாகக் காட்டுப்பன்றி என்றாள். மருத்துவிச்சி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துவக்கால் சுட்ட பன்றியா? எப்படிச் சமைப்பாய்?"

சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. சன்னத்தின் ஈயம் கண்ணுக்குத் தெரியாத தூளாக இறைச்சிக்குள் கிடக்கும், காயத்தைச் சுற்றித்தான் கூடுதல், புளிப்பு அதை இன்னும் கரைத்துவிடும், பிள்ளையின் மூளைக்கு ஆகாது என்றாள். உடனே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு கிழமை ஆகும். கேட்டு வாங்கி, ஊறவைத்து, அள்ளி ஊட்டியது நான்.

அடுத்த நாள் தொத்தோரேயிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவரும் விடவில்லை.

"நான் அறுபது வருடமாகச் சாப்பிடுகிறேன். எனக்கு என்ன வந்தது?"

"நீங்கள் எலும்பு வைத்தியர்தானே? இறைச்சியைப் படம் எடுத்துப் பாருங்கள்."

கோபத்தில் சொன்னது. ஆனால் அவர் எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். காயத்துக்குத் தூரத்தில் வெட்டியது, தான் சாப்பிட வைத்திருந்த நல்ல சதை. அதே தெருவில் அவருடைய நாய்களைப் பார்க்கும் மிருக வைத்தியர் இருந்தார். அங்கே பிடித்த படத்தில், சதை முழுக்கக் கடுகு சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தொத்தோரே விரலால் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். அந்தப் படம் என் தொடையின் படத்தைப் போலவே இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் வீடு வரும்வரை அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் மேசையில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்று பழைய ஈயம். மற்றது முழுச் செம்பு. செம்புச் சன்னம் உள்ளே போய் விரியும், ஆனால் உடையாது, முழுதாகவே நிற்கும் அல்லது மறுபக்கத்தால் போய்விடும். எப்போதோ வாங்கி ஒதுக்கி வைத்திருந்தாராம்.

"என் துவக்கு இதைச் சரியாக அடிக்காது" என்றார். "தூரத்தில் விலகும். குறி தப்பினால் பன்றி செத்துவிடாது. காயத்தோடு பற்றைக்குள் போய் நாட்கணக்கில் கிடக்கும். அதற்கு யார் பதில் சொல்வது?"

காயத்தோடு கிடப்பது என்னவென்று அவரைவிட எனக்குத் தெரியும். சிதறுகிற சன்னம் பன்றிக்கு இரக்கம் பார்க்கிறது, சாப்பிடுகிறவரைப் பார்ப்பதில்லை. சிதறாதது சாப்பிடுகிறவரைக் காப்பாற்றும், பன்றியை வதைத்தாலும் வதைக்கும். இப்படி ஒரு கணக்கு இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் நாட்கணக்காகப் புத்தகத்தோடு குந்தியிருந்தது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று முதல்முறையாக விளங்கியது. அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, மரியாதையும் வந்து பக்கத்தில் இருந்துகொண்டது.

"நீ சொல்லு" என்றார்.

நான் கையை நீட்டிச் செம்பை எடுத்தேன். ஒரு சன்னத்தை விரலால் தொட்டது அதுதான் முதல் தடவை. குளிர்ந்துபோய், ஒரு பேனா மூடியளவு பாரத்தோடு இருந்தது.

"கிட்டப் போய்ச் சுடுங்கள். கிட்டப் போக முடியாவிட்டால் சுடாமல் வாருங்கள்."

அவர் சிரிக்கவில்லை. சரி என்று ஈயப் பெட்டியை மூடினார். அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு வந்து, சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, இன்னும் நாற்பது அடி போயிருக்க வேண்டும், காற்று மாறிவிட்டது என்றார். அதற்காக அவர் முகம் வாடவில்லை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. ஈயம் இருந்தது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை, இத்தோடு நிறுத்தினால் போதும், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றாள் மருத்துவிச்சி. வெளியே வந்து நான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிழமை முழுக்க அவள் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது குப்பைக்கு வைத்த இறைச்சி, சன்னம் பட்ட இடம், நான்தான் கேட்டு வாங்கினேன் என்று அந்தத் தெருவிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"இஞ்சரப்பா, அங்கை வன்னியிலை கஞ்சிக்கு வரிசையிலை நிக்கேக்கை ஷெல் வந்தது. இஞ்சை கறிச்சட்டிக்குள்ளையே வந்திட்டுது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இனி ஆரிட்டையும் மிச்சம் கேக்காதேங்கோ. கேக்கிறதெண்டால் நல்ல துண்டாக் கேளுங்கோ."