உப்புக் குறைத்த சூப்

அந்தோனிமுத்து சூப்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டெடுத்து மெல்லச் சரிக்கிறார். தண்ணீராய் ஒழுகினால் இன்னொரு உருளைக்கிழங்கை அவிக்கப் போடுவார். 'தொப்'பென்று கட்டியாய் விழுந்தால் கொஞ்சம் பால் விடுவார். கரண்டி விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகுதான் வழுகி இறங்க வேண்டும். "ம், இப்ப சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியே பாதி ஆயுளைக் கழித்தவர். அறுபது தாண்டும்வரை அடுப்படியில் அவர் கை பட்டது தேத்தண்ணிக் கேத்திலில் மட்டும்தான்.

போன இலையுதிர் காலத்தில் மனைவி செலீனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு தேறியது; விழுங்குவதுதான் சரிவரவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறும், சோறு தொண்டையில் நிற்கும். மழமழவென்று அரைத்த தடிப்பான சாப்பாடுதான் கொடுக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உடம்பு இன்னும் இளைத்தால் வயிற்றில் குழாய் போட வேண்டிவரும் என்றும் சொன்னார்கள்.

"குழாயோ? நான் இருக்கிறன், சூப் காய்ச்சுவன்" என்றார் அந்தோனிமுத்து.

காய்ச்சினார். செலரிக் கிழங்கு, கரட், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் எல்லாவற்றையும் அவித்து, பட்டரும் கிறீமும் விட்டு அரைத்தார். செலீனா ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார். "நோட்டீஸ் ஒட்டுற பசை மாதிரிக் கிடக்கு. நான் என்ன கைக்குழந்தையே, ஊட்டிவிட?"

கோப்பன்ஹேகனில் இருக்கும் மகள் நிரோஜினி தொலைபேசியில் டேனிஷில் புத்தி சொன்னாள்: கடையில் ஆயத்தமாகவே விற்கிறது, வாங்கிக் கொடுக்கலாமே. "கடைச் சூப்பைக் கொம்மா தொடமாட்டா. நீ போனை வை" என்றார். காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். அதுவும் தோற்றது. மறுநாள் பட்டாணி. செலீனாவின் வளையல் முழங்கைவரை ஏறிக்கொண்டே போயிற்று. அந்தோனிமுத்து விடவில்லை.

ஜனவரியில் ஒரு மதியம், தனியாக விடப் பயந்து, செலீனாவின் சக்கர நாற்காலியை அடுப்படிக்கே தள்ளிக்கொண்டு வந்தார். லீக்ஸை வெட்டி அப்படியே சட்டிக்குள் போடப்போனார்.

"ஐயோ, அதுக்குள்ளை மண் கிடக்குமெல்லே! கழுவினனீங்களோ?"

கழுவினார். பட்டரைக் கருக்கினார். பால் பொங்கி வழிந்தது. செலீனாவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சை கொண்டாங்கோ அந்தக் கரண்டியை!" இடது கையால் வாங்கி ருசி பார்த்தார். "உப்பைக் காணேல்லை. மிளகும் போடுங்கோ." அந்தோனிமுத்து ஒரு சிட்டிகை போட்டார். மறுபடி ருசி. "காணாது." மறுபடியும். முடிவில் அந்தோனிமுத்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது அரைக் கிண்ணம் குறைந்திருந்தது. நோயாளியாக வாய் திறக்க மறுத்தவர், சமைக்கிறவராகத் திறந்திருந்தார்.

அன்று பிடித்துக்கொண்டார் அந்தோனிமுத்து வழியை. அதன்பின் அவர் உப்பைச் சரியாகப் போட்டதே இல்லை. "போட்டனீங்களோ?" என்றால் "ஓம், போட்டனான்" என்று கூசாமல் பொய் சொல்வார். திட்டு விழும். திட்டோடு திட்டாகச் சூப் உள்ளே போகும். குளிர் விடுமுன்னே வைத்தியர் தராசைப் பார்த்துவிட்டுக் குழாய்ப் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தோனிமுத்து மட்டும் தன் பேச்சை மாற்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி. "உப்புப் போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான்."

செலீனா ருசி பார்க்கவில்லை. ஒரு கரண்டி அள்ளி, ஊதி ஆற்றி, இடது கையால் கணவரின் வாய்க்கு நேரே நீட்டினார். "அப்ப நீங்கள் குடியுங்கோ, பாப்பம்."

அந்தோனிமுத்து குடித்தார். உப்பில்லாத சூப்பை முகம் மாறாமல் விழுங்கினார். "நல்லாத்தானே கிடக்கு" என்றார்.

செலீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதே கரண்டியால் இன்னொரு தடவை அள்ளி, உப்புக் கேட்காமலே, தன் வாயில் வைத்துக்கொண்டார்.