இலுப்பூர் என்று சொல்லி வந்தவர்

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில், புதுக்கோட்டையில் என் கடையில் நடந்தது இது. நான் கடை என்றுதான் சொல்வேன். என் மகளுக்கு அந்த வார்த்தை பிடிக்காது, சென்டர் என்பாள். ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. சாய்வு நாற்காலி, வெந்நீர் போட ஒரு ஹீட்டர், கால் வைக்க அகலமான டப், அடுக்கி வைத்த துண்டுகள், சுவரில் பாதத்தின் பெரிய படம். வெளியே போர்டில் 'பாத அழுத்த சிகிச்சை' என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கால் அமுக்கிவிடுகிற இடம் என்று கேட்டால்தான் கீழே டீக்கடையில் வழி சொல்வார்கள்.

உள்ளங்காலில் எங்கே அழுத்தினால் எதற்கு நல்லது என்று திருச்சியில் முறையாகப் படித்துவிட்டு வந்தவள் நான். ஆனால் நோய் தீரும் என்று யாரிடமும் சொன்னதில்லை. உடம்பு தளரும், தூக்கம் வரும், அவ்வளவுதான் என் வாக்குறுதி. மார்கழி பிறந்தால் கொஞ்சம் கூட்டம் இருக்கும். பனிக்குக் குதிகால் வெடித்து, மூட்டெல்லாம் இறுகிப்போய் வருவார்கள். கல் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்ததும் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும்.

அந்த மார்கழியில் எனக்குத்தான் தூக்கம் போயிருந்தது. கார்த்திகையில் என் மகளுக்குப் பொன்னமராவதிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குத் திருச்சியில் வேலை. என் மகளும் எங்கள் ஊரான கீரனூரிலிருந்து தினம் பஸ் ஏறி திருச்சிக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறாள். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அவள் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். மார்கழியில் எதுவும் பேச வேண்டாம், தை பிறந்ததும் வந்து பூ வைக்கிறோம் என்று பையன் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சொந்தக்காரர் மூலமாக ஒரு பேச்சு வந்து சேர்ந்தது. பயோடேட்டாவில் என் மகள் 'தாயார்: வெல்னஸ் தெரபிஸ்ட்' என்று டைப் அடித்திருந்தாள். அது என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பையனின் அத்தை, அந்த வீட்டில் கடைசிப் பேச்சு அவர் பேச்சுதானாம், எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். கால் பிடிக்கிறவ வீட்டுலயா பொண்ணு எடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

காலைப் பிடிப்பது என்றால் நம் பேச்சில் கெஞ்சுவது என்றுதானே அர்த்தம். கிடைக்காத வேலைக்காக, வராத லோனுக்காக அடுத்தவர் காலைப் பிடிக்கிறோம். மானத்தை விட்டுச் செய்கிற காரியம் அது. நானோ அதைக் காலையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் தொடங்குகிறேன். என் கணவர் கீரனூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வர்றது வரட்டும் விடு என்று சொல்லிவிட்டு அந்தப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் விடிகிற வரைக்கும் முழித்துக்கொண்டே கிடந்தேன்.

அப்படி இருந்த ஒரு காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஒரு அம்மா படியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல சேலை, கையில் கட்டைப்பை. மேலே வந்ததும் நாற்காலியைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவு, சன்னல், திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலுப்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார். கொஞ்ச நாளாகவே தூக்கம் இல்லை, காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை என்றார். நான் என்ன செய்வேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க, சரிங்க என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு தடவை போனில் கேட்ட குரல், பையனின் அம்மா குரல். மூச்சு விடாமல் மூன்று முறை சரிங்க சொல்கிற அந்த அவசரம். அவர்கள் வீட்டிலிருந்து பையன் போட்டோ மட்டும்தான் எங்களுக்கு வந்தது, அம்மா முகம் நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பப் போட்டோ முழுசாக அவர்களிடம் இருந்தது. சேச்சே, நம் பக்கம் பாதிப் பெண்கள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, வருகிறவர்கள் பொருள் வைக்க நான் போட்டிருக்கிற கூடையில் அவர் போன் அடித்தது. திரையில் எங்களுக்கு வந்த போட்டோவில் இருந்த அதே பையன், அதே நீலச் சட்டை, அதே ஒரு பக்கச் சிரிப்பு. அவர் சட்டென்று எடுத்து கட் பண்ணினார். நான் திரும்பி வெந்நீரில் கைவைத்துச் சூடு பார்த்தேன். ஏற்கெனவே பார்த்த சூடுதான்.

வாங்க சம்பந்தி என்று சொல்லி, கீழேயிருந்து காபி வரவழைத்திருக்கலாம். ஆனால் ஊரை மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறவரை அப்படிக் கூப்பிட்டால் கூனிக்குறுகிப் போய்விடுவார். சும்மா இருந்தால் நானும் அவரோடு சேர்ந்து நடிக்கிறேன் என்றாகும். வழக்கத்தைவிட நன்றாகச் செய்தால் மகளுக்காகக் காலைப் பிடிக்கிறேன் என்று நினைப்பார். வழக்கம்போலச் செய்யலாம் என்றால், வழக்கம்போல எப்படிச் செய்வேன் என்பதே அப்போது மறந்துபோயிருந்தது. துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

அவர் காலைத் தரவில்லை. சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "ஒங்களுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார். இது புதிதாக வருகிற எல்லாப் பெண்களும் கேட்கிற கேள்விதான். மூத்தவர் கை தன் காலில் பட்டால் பாவம் என்று பயப்படுவார்கள். அதற்கு நான் வழக்கமாக ஒன்று சொல்வேன். கல்லூரிப் பிள்ளை வந்தாலும் அதையே சொல்வேன். "இந்த நாற்காலியில ஒக்காந்தவங்க எல்லாரும் எனக்கு மூத்தவங்கதாங்க" என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். காலைத் தண்ணீரில் வைத்தார்.

வயல் வேலை பார்த்த கால். குதிகாலில் ஆழமான வெடிப்பு, விரலில் மெட்டி அழுந்திய தடம். எண்ணெய் தொட்டு நீவ நீவ அவர் கால் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. என் கட்டைவிரலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கியது. அவரும் நிலைகொள்ளவில்லை, நானும் நிலைகொள்ளவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஏதோ வானிலையை விசாரிக்கிற மாதிரி அவர் கேட்டார், இங்கே ஆம்பளைங்களும் வருவாங்களா என்று.

இதற்காகத்தான் அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பொய் சொல்ல ரொம்ப வசதியான நாள் அது. அன்றைக்கு ஆண்கள் யாருக்கும் நேரம் கொடுத்திருக்கவில்லை. போர்டிலும் ஆண், பெண் என்று எதுவும் எழுதவில்லை. லேடீஸ் மட்டுந்தாங்க என்று சொன்னால் முடிந்தது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்காகச் சொல்கிற பொய்யை யாரும் பொய்யில் சேர்ப்பதுமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடுப்போம், உயரத்தில் ஒரு இஞ்சைக் கூட்டிப் போடுவோம். வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் சனிக்கிழமை வருகிற ரிட்டயர்ட் வாத்தியார் ஞாபகம் வந்தார். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர். நான் அமுக்கிவிடும்போது அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். துண்டைப் பிழிவதற்குள் குறட்டை விடுகிற பஸ் டிரைவர் ஒருவர் ஞாபகம் வந்தார். இவர்கள் யாரும் இங்கே வரவேயில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, மகள் அந்த வீட்டில் வாழ்கிற காலமெல்லாம் படியில் யார் ஏறுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வருவாங்க. அவங்க காலயும் இதே மாதிரிதான் பிடிச்சு விடுவேன்" என்றேன்.

என் கைக்குள் இருந்த பாதம் கட்டை மாதிரி விறைத்தது. நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். சொல்லிவிட்டதாலோ என்னவோ, என் விரல்கள் அவற்றின் இடத்துக்குத் திரும்பியிருந்தன. கடைசியில் அவர் கால் விரல்களும் அடங்கின. கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

முடித்துத் துடைத்துவிட்டேன். படி வரை போய்ச் செருப்பை மாட்டியவர் திரும்பி வந்தார்.

"நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீங்க காலத் தண்ணியில வைக்கிறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

நான் ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார். ஒரு வாய் காபி கூடக் கொடுக்கவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். ஆமா, வருவாங்கதானே என்று மட்டும் சொன்னாள். மீதி மார்கழி நகரவே இல்லை. பஸ்ஸில் போகும்போது போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடித்தால் திடுக்கென்றது, அடிக்காவிட்டால் அதைவிட மோசமாக இருந்தது. வேலைக்கு நடுவே மகள் வயதில் யாராவது வந்து உட்கார்ந்தால் மனசு எங்கேயோ போய்விடும். பொங்கல் முடிந்து சேதி வந்தது. வேறொரு ஜோசியரிடம் பார்த்தார்களாம், ஜாதகம் பொருந்தவில்லையாம். கார்த்திகையில் பொருந்திய அதே ஜாதகம்.

மகள் என் முன்னால் அழவில்லை. மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் அவளாகவே பேச்சை எடுத்தாள். "நீ பொய் சொல்லியிருக்கணும்னு நான் நெனைக்கலம்மா. ஆனா..." என்றாள். பாதியில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். நானும் மீதியைக் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை இலுப்பூர் என்றெல்லாம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரவும் மாட்டேன் என்றார். நான் வழக்கமாக உட்காருகிற குட்டை முக்காலியில் இருந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார். பையனுக்கும் அவருக்கும் என் மகளைப் பிடித்திருந்தது. நேரில் பார்த்து, பெண்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டால் தன் நாத்தனாரான அந்த அத்தையின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அன்றைக்கு வந்தாராம். எல்லோரையும் உட்கார வைத்து நாத்தனார் கேட்ட முதல் கேள்வியும் அதுதானாம்.

"நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குங்க. நீங்க அப்படிப் பட்டுன்னு சொன்ன பெறகு எனக்கு வாய் வரல. வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

ஜாதகம் என்கிற பொய்யை மட்டும் மற்றவர்கள் சேர்ந்து சொல்லிவிட்டார்கள், அதைத் தடுக்க முடியவில்லை என்றார். ஒங்க காலப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன், மனசுல வச்சுக்காதீங்க என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சொல்லிக்கொண்டே குனிந்து தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார். கரண்ட் அடித்த மாதிரி காலை இழுத்துக்கொண்டேன். அய்யோ வேணாங்க என்றேன். என்னிடம் வருகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை. அவர் விடவில்லை. "இந்த முக்காலியில ஒக்காந்திருக்கவங்க எனக்கு மூத்தவங்கதான்" என்றார்.

அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கோழியைப் பிடிக்கிற மாதிரி கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். கை சொரசொரப்பாக, ஈரமாக இருந்தது. எத்தனையோ பேர் கால் என் மடியில் இருந்திருக்கிறது. என் காலை ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். அப்புறம் இரண்டு பேரும் காபி குடித்தோம்.

இப்போதும் பனி தொடங்கினால் அவர் வருவார். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. மகளுக்கு இன்னும் வரன் பார்க்கிறோம். பயோடேட்டாவை அவளே மாற்றி எழுதிவிட்டாள். 'தாயார்: பாத அழுத்த சிகிச்சை, ஆண், பெண் இருபாலருக்கும்' என்று போட்டிருக்கிறாள். நானே வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. அதைப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடாதவர்களும் உண்டு. போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அவள் போனைத் தூக்கிக்கொண்டு மறுபடி மொட்டை மாடிக்கு ஏறுகிற வரைக்கும் அந்தப் பாதியில் நின்ற 'ஆனா' என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும் அந்த அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டால், நான் வருவாங்க என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது.