சேட்டனுக்குப் போட்ட தோட்டம்

இலத்தூர் சங்கரேஸ்வரி வாய்க்குப் பயந்து அந்தத் தெருவில் மீன்காரன்கூட விலை கூட்டிச் சொல்ல மாட்டான். புருஷன் போன பிறகு பீடி சுற்றியே மகள் ஜெயபிரியாவைப் படிக்க வைத்து, கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தவள். வாய் இல்லாவிட்டால் நடக்குமா? மகளும் போன வீட்டில் அவளுக்கென்று மிச்சம் ஒரு நாய்தான். புளியரைப் பக்கம் கேரளா லாரிக்கு அடியில் கிடந்த குட்டி, அதனால் பேர் சேட்டன். மகள் போன் போட்டால்கூட, "ஏட்டி, இரு, சேட்டன் சாப்பிடுதான், பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாள்.

வம்பு கோழியால் வந்தது. பக்கத்து வீட்டு மணிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், கோழியும் வளர்த்தான். சேட்டன் இரண்டைக் கவ்விவிட்டான். "யக்கா, இன்னொரு கோழி போச்சுன்னா சோத்துல மருந்து வச்சிருவேன். பெறவு என்னையச் சொல்லக் கூடாது" என்றான் மணிமுத்து. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சங்கரேஸ்வரி அப்போதே சேட்டனை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

கட்டிப் போட மனசு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தையே அவனுக்குத் தோதாக மாற்றினாள். சுற்றிலும் கம்பி வலை. அரளி விஷமாச்சே என்று, மாமியார் வைத்த செடியைத் தூரோடு வெட்டி எறிந்தாள். அப்போ சாமிக்குப் பூ? "சாமி கோவிச்சுக்கிடாது. இவன் தின்னு தொலைச்சா என்ன செய்ய?" தோண்டி விளையாட ஒரு குவியல் ஆற்று மணல், வயிறு சரியில்லாத நாளைக்கு அருகம்புல், வெயிலுக்குக் கிடுகுப் பந்தல். மாப்பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்தாளா தெரியாது! சேட்டனும் தெருவை மறந்தான்.

சாரல் பிடித்தது. தோட்டத்தில் நின்ற தென்னைக்கு உரம் வைக்கிற நேரம். கடை உரம் நாய்க்கு ஆகாது என்று அந்தப் பக்கமே போகவில்லை. அவள் அப்பா வைத்தது மாதிரியே ஆமணக்குப் புண்ணாக்கையும் எலும்புத்தூளையும் கலந்து, தென்னை மூட்டில் வட்டமாகக் குழி பறித்துப் போட்டு மூடினாள். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் செத்துப் போகும் என்று வயக்காட்டில் பிறந்த எவளுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் மாடு ஏது? நாய் கறி தின்னும், மீன் தின்னும். எந்த நாய் போய்ப் புண்ணாக்குத் தின்னும்?

மறுநாள் காலையில் சேட்டன் எழுந்திருக்கவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, எல்லாம் ரத்தம். அவளுக்கு ஒரே ஆள்தான் நினைப்பில் வந்தான். தெருவுக்கு ஓடி, இரண்டு கை மண்ணை வாரி மணிமுத்து வாசலில் தூற்றினாள். "சண்டாளா! வாயில்லாச் சீவனுக்கு மருந்து வச்சிட்டியே! நீ வெளங்குவியா? ஒன் வம்சம் வெளங்குமா?" மணிமுத்து பெண்டாட்டி ஸ்ரீதேவி மாசமாக இருந்தாள். மண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எங்கம்மை சத்தியமா நான் வைக்கல யக்கா" என்றான் மணிமுத்து. ஓடிப் போய் ஆட்டோவை எடுத்து வந்தான். "மொதல்ல நாயத் தூக்குங்க. தென்காசி போவோம்."

அவன் ஆட்டோவில்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் நாய் கக்கியதைக் கிளறிப் பார்த்த டாக்டர், "தோட்டத்துல ஆமணக்குப் புண்ணாக்கு போட்டீங்களா?" என்று கேட்டார். சங்கரேஸ்வரி தலையாட்டினாள். "எலும்புத்தூள் வாசத்துக்குத் தோண்டித் தின்னிருக்கும்மா. அது மாட்டுக்கு மட்டும் விஷமில்ல."

மணிமுத்து டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். டிரிப்ஸ் பாதி இறங்கும்போது சேட்டன் அவள் கையை ஒரு தடவை நக்கினான். பிறகு நக்கவில்லை.

திரும்பி வந்தபோது தெருப் பெண்கள் கூடி நின்றார்கள். சாக்கில் சுற்றியதைப் பார்த்ததுமே ஒருத்தி மணிமுத்துவைப் பார்த்துக் காறித் துப்பினாள். "படுபாவி, கொன்னுட்டு வந்து நிக்கான் பாரு!" ஸ்ரீதேவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவனை ஏன் சொல்லுதிய?" என்றாள் சங்கரேஸ்வரி. தெருவே அடங்கும் அந்தக் குரலைக் காணோம். "நாந்தான் வச்சேன். தென்னைக்கு வச்சேன், இவன் தின்னுட்டான்." பாதிப் பேர் காதில் அது விழவே இல்லை. அவர்கள் வைதுகொண்டே இருந்தார்கள். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

மணிமுத்து மண்வெட்டியை எடுத்து வந்தான். "யக்கா, தோட்டத்துலயே குழி தோண்டிரட்டுமா?"

அவள் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கன வேண்டாம்ப்பா. வேற எங்கனயாவது கொண்டு போ."